மதகுக்கு வெள்ளையடித்த நாள்

என் கணவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஐந்து ஆண்டுகளில், அவர் ஊருக்குச் செய்ய நினைத்த ஒரே பெரிய காரியத்தை நான் ஒரு காலைப் பொழுதுக்குள் கெடுத்தேன். சும்மா கெடுக்கவில்லை. சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை இழுத்து, வாழைமரம் கட்டி, கோலம் போட்டு, மிக அழகாகக் கெடுத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் ஊரில் யாராவது வீட்டுக்கு வெள்ளையடித்தால், “இன்னா டீச்சரக்கா, இன்ஜினியரு வராரா?” என்று என்னைக் கேட்காமல் விடுவதில்லை.

நான் செங்கல்பட்டு டவுனில் பிறந்தவள். அப்பா கலெக்டர் ஆபீஸில் கிளார்க். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு, திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கு வேலைக்கு வந்தேன். வந்த இடத்தில் ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டேன். எனக்கு இரண்டு குணம். கோபம் மூக்குக்கு மேல் வரும். அப்புறம், வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் ஒரு தூசு இருக்கக்கூடாது. வருகிறவர் கேஸ் சிலிண்டர் போடுகிறவராக இருந்தாலும் சரி, வாசலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

அவர் எனக்கு நேர் எதிர். சட்டையில் சேறு, சைக்கிள் ஹேண்டில்பாரில் சேறு, ரேஷன் கார்டில்கூடச் சேறு. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், எங்கோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு ஒரு நாற்பது பக்க நோட்டோடு திரும்பினார். சாப்பிடக்கூட உட்காராமல் பேச ஆரம்பித்துவிட்டார். பதினாலே நாள் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். குத்துக் குத்தாக இல்லாமல் ஒற்றை நாற்றாக நட வேண்டும். நாற்றுக்கு நாற்று ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். கழனியில் தண்ணீரைக் கட்டியே வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். பாதி விதைகூட வேண்டாம், பாதித் தண்ணீர் போதும் என்றார். எங்கள் சுற்று வட்டாரத்தில் அதுவரை அப்படி யாரும் நட்டதில்லை.

நடவுக்கு வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு முன்னின்று நடுகிறவளுக்கு ஏரிப் பாசனத்தின் கடைசியில், தண்ணீர் போய்ச் சேரும் கடைமடையில், அரை ஏக்கர் சொந்தமாக இருந்தது. அதனால் ஊரில் எல்லாருக்கும் அவள் கடைமடைக்காரி. பேச்சு வெடுக்கென்று வரும்.

“இன்னாண்ணா இது? பச்சக் கொழந்தைங்கள ஒண்ணொண்ணா தனியா வுட்டா பயந்துக்காதா?” என்றாள்.

“பயந்துக்காது. நீ நடு,” என்றார் அவர்.

நட்டு முடித்த பிறகு கழனியைப் பார்த்தேன். ஆடு மேய்ந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, “அண்ணாத்த, நாத்து பத்தலியா? எங்க வூட்ல மிச்சம் கீது, அனுப்பட்டா?” என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே கையாட்டினார். எனக்கு மானம் போயிற்று. இரண்டு வாரம் அந்தச் சாலை வழியே பள்ளிக்கூடம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒரு மாதம் கழித்து அந்த ஒற்றை நாற்றுகள் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்ட ஆரம்பித்தன. அப்படி ஒரு கட்டு நான் பார்த்ததே இல்லை. ஐந்தாம் வகுப்பை வரிசையாகக் கழனிக்கு அழைத்துப்போய், ஆளுக்கொரு குத்து கொடுத்து, தூர் எண்ணச் சொல்லிக் கூட்டல் கணக்கு நடத்தினேன். பிள்ளைகள் எண்ணி முடிப்பதற்குள் மணியடித்துவிட்டது. கடைமடைக்காரி வரப்பில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, “அடுத்த போகம் எங்க கழனில இதான்,” என்றாள். அவள் சொன்னால் கடைமடைக்காரர்கள் அத்தனை பேரும் சொன்ன மாதிரி. அன்று இரவு அவர் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது. மார்கழியில் நட்டுப் பங்குனியில் அறுக்கிற அடுத்த நவரைப் போகத்துக்குக் கடைமடை முழுக்க ஒற்றை நாற்று நட்டார்கள். பயிர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எங்கள் ஏரியின் மதகு பழையது. கதவு முழுதாக மூடாது. கல் கட்டில் ஒரு பெரிய ஓட்டை வேறு. ராவும் பகலும் தண்ணீர் அதுபாட்டுக்கு ஒழுகி முதல் மடைக் கழனிகளை நிரப்பி ஓடைக்குப் போய்விடும். மாசி பிறந்தபோது ஏரியில் எருமைதான் படுத்துக் கிடந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கடைமடைக்கு ஒரு சொட்டு இல்லை.

ஒரு நாள் காலையில் கடைமடைக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு கைப்பிடிக் கதிரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். எல்லாம் பதர்.

“பாதித் தண்ணி போதும்னு சொன்னியே அண்ணா, அந்தப் பாதி எங்க கீது?” என்று கேட்டாள்.

அவள் சத்தம்கூடப் போடவில்லை. இவர் அந்தக் கதிரை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மதகைக் கட்டித்தரச் சொல்லி மனு எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். மனுவில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை எனக்கு. கடைசியில் எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

தேர்தல் வந்தபோது ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் வீடு தேடி வந்தார்கள். ஒற்றை நாற்று விவசாயி என்று அதற்குள் சுற்று வட்டாரம் முழுக்க அவருக்குப் பெயர் வந்திருந்தது. நான் உள்ளேயிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, “நிக்கிறேன். ஆனா மதகு கட்டணும்,” என்றார். வந்தவர்களுக்கு எந்த மதகு என்றே தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்கள். ஓட்டுக் கேட்டுப் போகிற இடமெல்லாம் களையெடுக்கிற உருளைக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதை எப்படித் தள்ளுவது என்று காட்டிவிட்டு, ஓட்டுக் கேட்க மறந்து திரும்பி வந்த நாளும் உண்டு. ஜெயித்துவிட்டார். மாலை போட வந்தவர்களுக்குக் காபி போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ந்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்த அளவுக்கு நான் சந்தோஷப்பட்ட நாள் குறைவு.

எம்.எல்.ஏ. ஆன பிறகும் அவர் மாறவில்லை. சட்டசபைக்கு பஸ்ஸில்தான் போவார். முதல் பேச்சுக்குக் கொடுத்த சில நிமிஷத்தில், ஒரு சாண் இடைவெளி என்றால் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டே நேரத்தைத் தீர்த்துவிட்டார். மதகு பாக்கி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து அசடு வழிய நின்றார். “சாண் போதுமா, முழம் வேணுமான்னு கேட்கலையா?” என்று நான் கேட்டேன். பிறகு விடாமல் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். மூன்றாவது வருஷம், ஏரி நிரம்பியிருந்த மார்கழியில், மதகை நேரில் பார்த்து அறிக்கை எழுத ஓர் இன்ஜினியர் வருவதாகத் தகவல் வந்தது. அந்த அறிக்கையில் மதகு பழுது என்று வந்தால்தான் வேலை நடக்கும். இல்லையென்றால் அந்த ஆட்சிக் காலத்தில் இன்னொரு முறை யாரும் வரப்போவதில்லை.

அன்றைக்குப் பார்த்து இவருக்குச் சென்னையில் சபை. விடிகாலை பஸ் ஏறும்போது என்னிடம், “நீ லீவு போட்டுடு. அவர நல்லா கவனிச்சு அனுப்பு,” என்றார்.

நல்லா கவனிச்சு அனுப்பு என்று என்னிடம் சொல்லலாமா?

முந்தின நாளே தகவல் தெரிந்ததால் ஊரே தயாராக இருந்தது. ஏரிக்கரையில் முளைத்திருந்த முள்ளை வெட்டினோம். மதகின் பாசி படிந்த கல்லைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கோயில் சுவர் மாதிரி காவிப் பட்டை இழுத்தோம். ஆண்கள் மதகின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினார்கள், பெண்கள் கரையில் வரிசையாகக் கோலம் போட்டார்கள். எல்லாம் முடிந்து கீழே இறங்கிப் பார்த்தால், ஓட்டையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரால் மதகுக்குப் போகிற பாதை ஒரே சேறு. முழங்கால் வரை உள்ளே போயிற்று.

“ஐயய்யோ, ஷூ போட்டுட்டு வருவாரே! இதுல எப்படி நடப்பாரு?” என்றேன்.

ஏரித் தண்ணீரைத் திறந்து கழனிகளுக்குப் பங்கிட்டு விடுகிறவருக்கு எங்கள் பக்கத்தில் நீர்க்கட்டி என்று பெயர். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, “டீச்சரம்மா, ஒரு நாளைக்குன்னா அடச்சு வுடலாம்,” என்றார். ஒரு சாக்கில் வைக்கோலும் களிமண்ணும் திணித்துக் கட்டி, கயிற்றில் பிணைத்து, ஏரிப் பக்கம் மூழ்கி ஓட்டை வாயில் செருகினார். தண்ணீரின் அழுத்தத்தில் சாக்கு கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கயிற்றின் மறுமுனையைக் கரையில் இருந்த பூவரச மரத்தில் கட்டினார். இப்படி அடைத்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. சாக்கு பிய்ந்து ஓட்டை இன்னும் பெரிதாகும். அதனால் யாரும் செய்வதில்லை. ஒரு நாளைக்குத்தானே என்று செய்தோம். மூடாத கதவின் இடுக்கிலும் களிமண்ணை அப்பினார். ஒழுகல் நின்றது. பாதையில் ஆற்று மணல் கொட்டி, அதன் மேலும் ஒரு கோலம் போட்டேன். கடைமடைக்காரிதான் எனக்கு மணல் சுமந்து கொடுத்தாள்.

இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், கோயம்புத்தூர்ப் பக்கம். ஜீப்பிலிருந்து இறங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார். கரை மேல் நடந்தார், மதகைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், கல்லைத் தட்டிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பெருமையாக நின்றோம். கட்டை விரலால் காவிப் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இத்தனை சர்வீஸ்ல ஒரு மதகை இவ்வளவு நல்லா வச்சிருக்கற ஊரை நான் பார்த்ததே இல்லீங்க,” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் இளநீர் எடுத்து வந்தேன். இட்லி, வடை, கேசரி என்று நாஸ்தா. அவர் சாப்பிட்டுக்கொண்டே எழுதினார். மனைவியையும் கூட்டி வந்திருப்பதாகவும், அவருக்குக் கடலென்றால் உயிர் என்பதால் மாமல்லபுரத்தில் விட்டுவிட்டு வந்ததாகவும், இனி நேரே அங்கேதான் போகவேண்டும் என்றும் சொன்னார். ஃபைலை மூடினார். ஜீப் போயிற்று. எல்லாரும் கையாட்டினோம்.

புழுதி அடங்கியது. கடைமடைக்காரி மட்டும் கையைக் கீழே போடாமல் நின்றாள்.

“டீச்சரக்கா,” என்றாள் மெதுவாக. “அவரு ஓட்டைய பாக்கவே இல்லியே?”

அந்த நிமிஷத்தை என்னவென்று சொல்வது? நீர்க்கட்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் நீர்க்கட்டியைத் திட்டினேன். பிறகு வாழைமரம் கட்டியவர்களைத் திட்டினேன். பிறகு திட்ட ஆள் இல்லாமல் என்னையே திட்டிக்கொண்டேன். மூன்று வருஷம் என் வீட்டுக்காரர் பஸ்ஸில் அலைந்தது என் கண் முன்னால் வந்தது. மதகு நன்றாக இருக்கிறது என்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டால், கடைமடைக்காரர்கள் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்? மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவரிடம் நான் என்ன சொல்வேன்?

“பேசிகினு நின்னா ஆவாதுக்கா. வண்டிய எடு,” என்றாள் கடைமடைக்காரி.

பள்ளிக்கூடம் போக நான் வைத்திருந்த மொபெட்டில் அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். சுண்ணாம்புக் கறை படிந்த சேலையோடு மாமல்லபுரத்துக்கு விரட்டினேன். அதன் முழு வேகமே ஒரு சைக்கிளைத் தாண்டுகிற வேகம்தான். அணுபுரம் பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. கடைமடைக்காரி காதருகில், “போ, போ, போ,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடற்கரைக் கோயில் பக்கத்து மணலில் தேடினோம். நாங்கள் தேடியது ஷூ போட்ட ஆளை. அவரோ பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் மனைவியோடு சேர்ந்து பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற என் வாய், அங்கே ஒட்டிக்கொண்டது.

கடைமடைக்காரி முன்னால் போனாள். “சாரு, நாங்க உங்கள ஏமாத்திட்டோம்,” என்றாள்.

அவர் பயந்துவிட்டார். பிறகு நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, சாக்கு, கயிறு, பூவரச மரம் எல்லாம். அவர் முகம் கடுத்தது.

“ரிப்போர்ட் எழுதி முடிச்சாச்சு. ஓட்டையைக் காட்டறதுக்குன்னு கூப்பிட்டுட்டு, ஓட்டையை அடைச்சு வைப்பாங்களா? எதுக்குங்க அடைச்சீங்க?”

“உங்க ஷூ சேறாயிடுமேன்னுதான்,” என்றேன்.

அவர் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். ஈரமணல் அப்பியிருந்த தன் காலைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர் மனைவிதான். அப்புறம் அவரும் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். “எழுதின காகிதம் இன்னும் உங்க கையிலதானுங்களே இருக்குது? போய்ப் பார்த்துட்டு மாத்தி எழுதுங்க. நானும் வர்றேன்,” என்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஜீப் முன்னால் போக, நாங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தபோது கரை மேல் ஊரே நின்றது. நீர்க்கட்டி பூவரச மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து இழுத்தார். சாக்கு அசையவில்லை. நான் பிடித்தேன், கடைமடைக்காரி பிடித்தாள், இன்னும் நாலு பேர் பிடித்தார்கள். இன்ஜினியர் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஃபைலை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவரும் கயிற்றைப் பிடித்தார். “ஐலசா” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சாக்கு பிடுங்கிக்கொண்டு வர, நாங்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். மறுபக்கத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. கொட்டிய மணல், கோலம், காவி எல்லாம் கால்வாயில் ஓடிற்று. இன்ஜினியர் பாதையில் இறங்கினார். முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, ஓட்டைக்குள் கையைத் தோள்வரை விட்டுப் பார்த்தார். பிறகு மனைவியிடமிருந்து ஃபைலை வாங்கி, அந்தச் சேற்றில் நின்றபடியே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

மாலையில் இவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, நான் ஈரச் சேலையோடு வாசலில் நின்றேன். ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, தோளில் இருந்த பையை இறக்கி வைத்தார்.

“இன்னிக்கும் சபையில எனக்குப் பேச நேரம் கெடைக்கல. நீயாவது பேசிட்டு வந்தியே,” என்றார். பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது சிரித்தார், கை கழுவும்போது சிரித்தார். பாயில் படுத்த பிறகும், “ஷூ சேறாயிடும்னா அடச்ச?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அவரோடு குடும்பம் நடத்தியது எனக்குக் கிடைத்த பாக்கியம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த கோடையில் பழைய மதகை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். இரும்புக் கதவு, திருகினால் ஒரு விரற்கடை அளவுக்குக்கூடத் திறக்கலாம். அந்த வருஷ நவரையில் கடைமடைக்குக் கதிர் முற்றுகிற வரைக்கும் தண்ணீர் போயிற்று. அதற்கடுத்த வருஷம் நல்ல மழை. தை, மாசி, பங்குனி கழிந்தும் ஏரியில் தண்ணீர் கிடந்தது.

அந்தச் சித்திரையில்தான் மறுபடியும் தேர்தல் வந்தது. நின்றார், தோற்றார். கொஞ்ச நஞ்சமில்லை, நன்றாகவே தோற்றார். செங்கல்பட்டில் ஓட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஆள் காணாமல் போய்விட்டார். செய்தி வந்ததிலிருந்து எனக்கு நெஞ்சு கொதித்தது. யார் யார் காசு வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டார்கள், யார் யார் ஓட்டுப் போடவே வரவில்லை என்று தெருவில் நின்று கத்தினேன். அவர் கடைமடைப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் அழுதுகொண்டே நடந்தேன்.

அங்கே கடைமடைக்காரியின் கழனியில் நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றுக்குப் பதினாலு நாள் ஆகிவிட்டது. யார் ஜெயித்தால் என்ன, யார் தோற்றால் என்ன, நட்டாக வேண்டும். பெண்களோடு பெண்களாக இவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

“நீங்க தோத்துட்டீங்க, தெரியுமா?” என்று வரப்பிலிருந்து கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்து, பேச வாயெடுத்தார். அதற்குள் கடைமடைக்காரி என் பக்கம் திரும்பிவிட்டாள். கையில் நாற்று, முழங்கை வரை சேறு, கண்ணில் தண்ணீர்.

“டீச்சரக்கா, எங்க மாமனார் காலத்துலருந்து சித்திர மாசம்னா இந்தக் கழனில பசங்க கிரிக்கெட்டுதான் ஆடும். இன்னிக்கு நான் நடவு நட்டுகினு கீறேன். எங்கண்ணன் தோத்துட்டாருன்னு எங்க வேணா போய்ச் சொல்லு, இங்க வந்து சொல்லாத.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக் கழனியில் இறங்கினேன்.